பெரும்பாடு

எனக்கு வந்த வியாதிக்கு எங்கள் பக்கத்தில் பெரும்பாடு என்று பெயர். மாதாமாதம் வந்து நிற்க வேண்டியது நிற்காமல் போய்க்கொண்டே இருப்பதற்கு அந்தக் காலத்துப் பெண்கள் வைத்த பெயர். எவள் வைத்தாளோ தெரியாது. அவளுக்கு வாய்த்தவனும் என் வீட்டுக்காரரைப் போல ஒருவனாகத்தான் இருந்திருப்பான். வியாதி பாதி, வீட்டு ஆம்பிளைகள் பாதி, இரண்டும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

அந்த வருஷம் சம்பா நடவு முழுக்க அதோடுதான் நட்டேன். சேற்றில் குனிந்து நிற்கிறவளை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்? பழைய சேலை ஒன்றைக் கிழித்துக் கிழித்தே தீர்த்தேன். நடவு முடிகிற சமயத்தில், நாற்று முடிகளைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஏறினவள் அப்படியே சரிந்துவிட்டேன். கூட நட்டவர்கள் என்னைத் தூக்கிப் போய் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்த்தார்கள். அங்கிருந்த டாக்டரம்மா என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, சிவப்பே காணோமே என்றார். கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, எடுத்தாக வேண்டும், உடம்பில் ரத்தம் பாதிகூட இல்லை, இதற்கு மேலும் மறைத்து வைத்தால் வயலிலேயே போய்ச் சேர்ந்துவிடுவாய் என்று திட்டினார். திட்டிக்கொண்டே தஞ்சாவூர் மிராசுதார் ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, நாளைக்கே போ என்றார்.

மிராசுதார் ஆஸ்பத்திரி என்பது பெண்களுக்குப் பார்க்கிற அரசாங்க ஆஸ்பத்திரி. எந்தக் காலத்திலோ யாரோ ஒரு மிராசுதார் இடம் கொடுத்தாரோ பணம் கொடுத்தாரோ, பெயர் மட்டும் நின்றுவிட்டது. எங்கள் பக்கத்துப் பெண்கள் எத்தனையோ பேர் அங்கே போய்ப் பிள்ளை பெற்று வந்திருக்கிறார்கள். ஒருத்திகூட அந்தப் பெயரை யோசித்துப் பார்த்ததில்லை. சேதி கேட்டு ஓடி வந்த என் வீட்டுக்காரர் மருதையன் யோசித்தார். பெண்டாட்டி பெஞ்சில் வெளுத்துப்போய்க் கிடக்கிறாள், அவர் சீட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து அந்தப் பெயரைப் படித்தார்.

“மிராசுதார் ஆஸ்பத்திரியா? எங்கப்பன மாட்டுக் கொட்டாயில கட்டி வச்சு அடிச்சவன் மிராசுதாரு. அவன் பேரு போட்ட கட்டில்ல எம்பொண்டாட்டி படுக்க மாட்டா.”

என் மாமனார் அடிபட்டது பொய் இல்லை. கூலி நெல் கூடக் கேட்டதற்காக எங்கள் ஊர் மிராசுதார் அவரைக் கட்டி வைத்து அடித்தார். முதுகுத் தழும்பை நானே பார்த்திருக்கிறேன். அது எங்கள் ஊர் மிராசுதார், ஆஸ்பத்திரிக்குப் பெயர் கொடுத்தவர் வேறு யாரோ என்று நான் சொன்னேன். மிராசுதாரில் என்ன வேறு வேறு என்று என் வாயை அடைத்துவிட்டார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவர் கட்சியின் கிளைச் செயலாளர். எந்தக் கட்சி என்று கேட்க வேண்டாம். இந்த நாட்டை மாறி மாறி ஆள்கிற இரண்டில் ஒன்று. எங்கள் வீட்டில் இருப்பதையெல்லாம் அவர் யார் கொடுத்தது என்றுதான் பிரித்து வைத்திருந்தார். குடியிருக்கிற மனைக்கட்டு அவருடைய தலைவர் சட்டம் போட்டுக் கொடுத்தது. மூன்று மா வயல், அதாவது ஒரு ஏக்கர், அதுவும் தலைவர் கொடுத்தது. டிவி தலைவர் கொடுத்தது, அதனால் தினமும் தோளில் கிடக்கிற துண்டாலேயே துடைப்பார். ஆட்சி மாறியதும் மிக்சி, கிரைண்டர், ஃபேன் மூன்றும் எதிர்க்கட்சி கொடுத்தது. வேண்டாம் என்கிற ரோஷமெல்லாம் கிடையாது, வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றார். வீட்டுக்கு வந்ததும் சவரம் செய்கிற பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அவற்றில் இருந்த முகத்தைச் சுரண்டி எடுத்துவிட்டார். பொருள் மக்கள் வரிப்பணம், முகம் அவர்களுடையது, மக்களுடையதை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட்டேன் என்று அதற்கு ஒரு விளக்கம். மேடையில் பேசிப் பேசி வந்த வாய்.

என் கூடப்பிறந்த அண்ணன் தங்கையன் இதற்குச் சளைத்தவன் இல்லை. அவன் மற்ற கட்சியில் வார்டு மெம்பர். அவன் வீட்டு டிவியில் அரசாங்கம் போட்டிருந்த பெயரின்மேல் முருகன் படத்தை ஒட்டிவிட்டான். சாமி கும்பிடாத கட்சியைச் சாமியை வைத்தே மறைத்ததில் அவனுக்கு அப்படி ஒரு திருப்தி. என் கல்யாணப் பந்தலில் எந்தக் கொடியைக் கட்டுவது என்று இந்த இரண்டு பேருக்கும் தொடங்கிய சண்டை, என் மகள் அகிலாண்டம் குத்தாலத்தில் வாக்கப்பட்டு மாசமாக இருந்த அப்போதும் முடியவில்லை. அவளுக்குத் தலைப்பிரசவம் பார்க்க நான் இருக்க வேண்டும். எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் என் கட்டில் ஓரத்தில் மாநாடு கூடியது. அண்ணன் காப்பீட்டு அட்டையை நினைவுபடுத்தினான். அந்த அட்டையைக் காட்டினால் தஞ்சாவூரில் தனியார் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் செய்வார்கள், நாம் எதுவும் கட்ட வேண்டியதில்லை, எங்கள் ஆட்சி கொடுத்தது என்றான். என் வீட்டுக்காரர் துள்ளி எழுந்தார். அந்தத் திட்டத்தை ஆரம்பித்ததே என் தலைவர், உன் ஆட்கள் பெயரை மாற்றி முகத்தை மாற்றிப் புது அட்டை அடித்தார்கள், அவ்வளவுதான் என்றார். பெற்றவன் ஒருத்தன், பெயர் வைத்தவன் ஒருத்தன் என்று ஒருவரும், சவலைப் பிள்ளையை எடுத்து வளர்த்தது யார் என்று மற்றவரும் கேட்டுக்கொண்டார்கள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போனது, மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பினோம். எங்கள் மூவரோடு கூட வந்தவர் தோழர் இராஜாங்கம். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர், சிவப்புத் துண்டு. ஊரில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் கூப்பிடாமலே கூட வருகிற மனுஷர், அந்த வகையில் தங்கமானவர். அவருடைய கட்சி ஆட்சிக்கு வரப்போவதில்லை என்பது அவருக்கே தெரியும். அதனால் இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் திட்டுவதற்கு அவருக்கு வசதி அதிகம். யாரும் நமக்கு எதையும் கொடுத்துவிடவில்லை, எல்லாம் நாம் அடிபட்டு வாங்கியது என்பார். எங்கள் மூன்று மாவையே என் வீட்டுக்காரர், தலைவர் கொடுத்தது என்பார்; தோழர், நாம் வாங்கியது என்பார். கொடுத்ததா வாங்கியதா என்று இருவரும் வரப்பில் நின்று சண்டை போடுகிற நேரத்தில் களை எடுப்பவள் நான்.

பஸ்ஸில் சீட்டு கறையாகிவிடுமோ என்று உரச் சாக்கை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அடிவயிற்றில் இழுத்தது. பின் சீட்டில் மூன்று பேரும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்கள்.

காப்பீடு என்றால் என்ன என்று தோழர் ஆரம்பித்தார். நம் வரிப்பணத்தை அரசாங்கம் கம்பெனிக்குக் கட்டுகிறது, கம்பெனி தனியார் ஆஸ்பத்திரிக்குக் கட்டுகிறது, ஆளாளுக்கு அள்ளிக்கொண்டது போக மிச்சம்தான் வைத்தியம். அதே பணத்தில் பக்கத்தில் இருக்கிற குடவாசலிலேயே நல்ல ஆஸ்பத்திரி கட்டி டாக்டரைப் போட்டால் அட்டையும் வேண்டாம், தஞ்சாவூரும் வேண்டாம், எல்லாருக்கும் ஒரே வைத்தியம் என்றார். அதற்கு அண்ணன், உழுகிறதுக்கு எல்லோரும் டிராக்டரை வாடகைக்குத்தானே கூப்பிடுகிறோம், சொந்த டிராக்டர் வாங்கிய பிறகுதான் உழுவேன் என்று உட்கார்ந்திருந்தால் பருவம் போய்விடாதா என்று கேட்டான். வாடகையை டிராக்டர்காரன் வருஷா வருஷம் ஏற்றினால் என்ன செய்வாய் என்று தோழர் திருப்பிக் கேட்டார். என் வீட்டுக்காரர் இருவருக்கும் நடுவில் புகுந்து, ஏழை ஏசி ரூமில் படுக்கிறதுதான் சமூக நீதி, அதை முதலில் யோசித்தது யார் தெரியுமா என்றார்.

இப்போது யோசித்துப் பார்த்தால் மூன்று பேர் சொன்னதிலும் ஏதோ நியாயம் இருக்கத்தான் செய்தது. அதுதான் எரிச்சல். முழு முட்டாள்களாக இருந்தால் காதில் வாங்காமல் விட்டுவிடலாம். கும்பகோணத்தில் பஸ் மாறினோம். அந்தப் பஸ் கண்டக்டரும் பேச்சில் சேர்ந்துகொண்டார். அவருடைய மாமியாருக்கு முட்டி ஆபரேஷனாம். உங்களுக்கு இப்போது வலி எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்க ஒருவரும் இல்லை.

தஞ்சாவூரில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரி புதிதாகக் கட்டியது. பெயர் எதற்கு? கண்ணாடிக் கதவு, உள்ளே நுழைந்ததும் ஜில்லென்று காற்று, மூலையில் மீன் தொட்டி. காப்பீட்டு அட்டைக்கென்று தனி கவுன்ட்டரே இருந்தது. அங்கே இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். அம்சம் என்று என் பெயர் எழுதியிருந்த சீட்டைப் படித்துவிட்டு, உட்காருங்கம்மா, நிற்காதீங்க என்று நாற்காலியைக் காட்டினாள். எனக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அதற்குள் கார்டு கேட்டாள்.

என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதற்குள்ளிருந்து அட்டையை எடுத்து வைத்தார். அந்த அட்டையை அவர் வீட்டில் யாரையும் தொட விட்டதில்லை. ஏன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அட்டையில் அவருடைய தலைவரின் சின்னப் படம் ஒன்று பசை போட்டு ஒட்டியிருந்தது.

அந்தப் பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு நகத்தால் அந்தப் படத்தை ஓரத்தில் கிளப்பினாள். அடியில் வெள்ளையாக வரி வரியாகச் சுரண்டல்.

“சார், இதுல நம்பர் எங்க?” என்றாள்.

முகம் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நம்பர் இருந்திருக்கிறது. மிக்சியையும் கிரைண்டரையும் சுரண்டிப் பழகிய கை, அட்டையையும் அதே பிளேடால் சுரண்டிவிட்டது. எது முகம், எது நம்பர் என்று பிளேடுக்கு என்ன தெரியும்? நம்பர் போன இடம் அசிங்கமாக இருந்ததால் அதன்மேல் தலைவரை ஒட்டி மறைத்திருக்கிறார். கவுன்ட்டர் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டாள்.

என் அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் அட்டையைப் பிடுங்கிப் பார்த்தான். முகமெல்லாம் சிவந்துவிட்டது. என் பக்கம் ஒரு தடவை திரும்பினான், தங்கச்சியின் வைத்தியம் கெட்டுப்போனதே என்று கேட்கப் போகிறான் என்று நினைத்தேன்.

“எங்க தலைமையோட முகத்தையா சுரண்டுன?” என்றான் என் வீட்டுக்காரரைப் பார்த்து. அவன் குரல் நடுங்கியது. அப்பா செத்த அன்றைக்குக்கூட அவன் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை.

அப்புறம் கேட்க வேண்டுமா? நீ டிவியில் முருகனை ஒட்டினாயே என்று இவர் கேட்டார். நான் ஒட்டினேன், சுரண்டினேனா என்று அவன் கேட்டான். தோழர் இருவரையும் விலக்குகிற மாதிரி நடுவே போய், சமயம் பார்த்து, மக்கள் பணத்தில் முகம் போடுகிற கலாச்சாரத்தைப் பற்றித் தனியாக ஆரம்பித்துவிட்டார். மீன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பினார்கள். காவலாளி வந்து, ஐயா, பேசுறதா இருந்தா வெளியில போய்ப் பேசுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

கவுன்ட்டர் பெண்தான் பொறுமையாக வழி சொன்னாள். ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு திருவாரூர் கலெக்டர் ஆபீசுக்குப் போனால் நம்பரை எடுத்துத் தருவார்கள், சில நாள் ஆகும். அதுவரை காத்திருக்க முடியாத கேஸ் என்றால் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். எவ்வளவு ஆகும் என்று இவர் கேட்டார். ஸ்கேன் தனி, ரூம் தனி, தியேட்டர் தனி, மயக்கம் கொடுக்கிற டாக்டருக்குத் தனி, ரத்தம் தனி என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். என் உடம்பை இத்தனை துண்டாகப் பிரிக்கலாம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. போன வருஷம் இதே ஆபரேஷனுக்கு இதில் பாதிதானே ஆனது என்று பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் கேட்டார். போன வருஷம் போன வருஷம்மா என்றாள் அந்தப் பெண். அட்டை இருந்தால் இதெல்லாம் முழுக்க அதில் வந்துவிடுமா என்று தோழர் விடாமல் கேட்டார். பேக்கேஜுக்குள் வருவது வரும் சார், வராதது வராது என்று பதில் வந்தது. தோழர், பார்த்தாயா என்று அண்ணனைப் பார்த்தார். கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது போல அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே துணி நனைந்து கனத்தது. செத்துப்போய்விடுவேனோ என்று அப்போதுதான் முதல் தடவையாக எனக்குப் பயம் வந்தது. அகிலாண்டத்தின் முகம் வந்தது. அவளுக்கு வயிற்றைப் பிடித்துவிட நான் இல்லாமல் இந்த மூன்று பேரும் வாசலில் நின்று விவாதம் செய்துகொண்டிருப்பார்களே என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரருக்கு என் மேல் பாசம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கண் கலங்கித்தான் இருந்தார். பிறகு பெரிய முடிவு எடுத்தவர் போலக் கையை விரித்தார்.

“மூணு மா கெடக்குல்ல. ஒத்திக்கு விட்டுருவோம். உசுர விடவா நெலம் பெருசு?”

ஒத்தி என்றால் வயலையே பணம் கொடுத்தவர் கையில் விட்டுவிடுவது. பணத்தைத் திருப்புகிற வரை அவர்தான் விளைத்து எடுத்துக்கொள்வார். எங்கள் ஊரில் ஒத்திக்குப் போன நிலம் எதுவும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னால் அவர் செல்போனை எடுத்து ஒரு நம்பரைப் போட்டுவிட்டார். வணக்கங்க என்று குனிந்து பேசினார். நான் மருதையன் பேசுறேங்க, எப்பயாவது கொடுக்கறதா இருந்தா சொல்லுன்னு சொன்னீங்களே, அந்த மூணு மா விஷயமாத்தாங்க என்றார். மறுபக்கம் பேசியது எனக்குக் கேட்கவில்லை. ஆனால் யாரென்று தெரிந்துவிட்டது.

சந்தானகிருஷ்ணன். எங்கள் ஊர் மிராசுதாரின் மகன். பேங்கில் பெரிய வேலையில் இருந்து ரிட்டையராகி இப்போது கும்பகோணத்தில் இருக்கிறார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஊருக்கு வந்தால் எல்லாரிடமும் நல்லபடியாகப் பேசுகிறவர்தான். ஆனால் அந்த மூன்று மா அவருடைய அப்பா கையிலிருந்து எங்கள் கைக்கு வந்தது. அதற்காகத்தான் மாமனார் கொடி பிடித்தார், ஜெயிலுக்குப் போனார். இன்றைக்கு அந்த மாமனாரின் மகன் அதே கைக்கு அதைத் திருப்பித் தருவதற்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று குனிந்து வணக்கம் சொல்கிறார். பெண்டாட்டி மிராசுதார் கட்டிலில் படுக்கக்கூடாது, வயல் மட்டும் மிராசுதார் வீட்டுக்குப் போகலாம்.

எங்கிருந்து தெம்பு வந்ததோ, எழுந்துவிட்டேன். அவர் சட்டைப் பையில் இருந்த டாக்டரம்மா சீட்டை நானே கைவிட்டு எடுத்தேன். அவர் போனை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“கட்டில்ல யார் பேரு எழுதியிருக்குன்னு பாத்தீங்க. நெலத்த யார் கையில கொடுக்கப் போறீங்கன்னு பாத்தீங்களா? அந்தக் கட்டில்ல நான் படுத்து எழுந்திருச்சு வந்துருவேன். நெலம் அவங்க வீட்டுல போய்ப் படுத்தா எழுந்திருக்காது.”

தோழர், சரியாச் சொன்ன, அம்சம் என்று என்னைப் பாராட்ட வந்தார். நீங்களும் பேசாதீங்க தோழர் என்று அவரையும் சொல்லிவிட்டேன். அரசாங்க ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்று பஸ் முழுக்கப் பேசிய மனுஷர், அங்கே போகலாம் வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணன் கையில் இன்னும் அந்த அட்டை இருந்தது. சுரண்டிய இடத்தை வேட்டி முனையால் துடைத்துக்கொண்டிருந்தான்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, வந்த ஆட்டோவில் ஏறினேன். எங்கம்மா என்றார் ஆட்டோக்காரர். மிராசுதார் ஆஸ்பத்திரி என்றேன். அவர் அந்தப் பெயரைக் கேட்டு எதையும் யோசிக்கவில்லை, பிரசவமா என்று மட்டும் கேட்டார். இல்லை, பெரும்பாடு என்றேன். ஆட்டோவில் வாய்விட்டு அழுதேன். வலியும் பயமும் கொஞ்சம்தான், மீதியெல்லாம் ஆத்திரம்.

மிராசுதார் ஆஸ்பத்திரியில் கூட்டம் அலைமோதியது. எங்கு பார்த்தாலும் வயிறும் குழந்தையுமாகப் பெண்கள். சீட்டைப் பார்த்த நர்ஸ் ஒருவர் என் முகத்தைப் பார்த்தார், வரிசையைத் தாண்டி நேரே உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தார். ஆனந்தம் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. வந்து பார்த்த டாக்டரம்மா எத்தனை மாசமாகப் போகிறது என்று கேட்டார், எத்தனை துணி மாற்றுகிறாய் என்று கேட்டார், ஏன் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று திட்டினார். எல்லாம் என் உடம்பைப் பற்றிய கேள்வி. காலையிலிருந்து முதல் தடவையாக ஒருவர் என் உடம்பைப் பற்றிக் கேட்கிறார். எனக்கு அந்தத் திட்டு இனித்தது.

இந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு ஆபரேஷன் செய்ய முடியாது, முதலில் ரத்தம் ஏற்றித் தேற்ற வேண்டும், அப்புறம்தான் கத்தியை எடுப்போம் என்றார் டாக்டரம்மா. கூட யார் வந்திருக்கிறார்கள், ரத்தம் கொடுக்க ஆள் உண்டா என்று ஆனந்தம் சிஸ்டர் கேட்டார். யாரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வார்டு வாசலில் மூன்று தலைகள் தெரிந்தன. வேறொரு ஆட்டோவில் பின்னாலேயே வந்திருக்கிறார்கள். ஆம்பிளைகள் உள்ளே வரக்கூடாது என்று ஆயா தடுத்துக்கொண்டிருந்தார். அதோ இருக்கிறார்கள், எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். சிஸ்டர் சிரித்தார்.

அங்கே நடந்ததைச் சிஸ்டர்தான் பிறகு எனக்குச் சொன்னார். தோழருக்கு வயது தாண்டிவிட்டது, உங்களிடம் எடுக்க முடியாது என்றதும் அவர் கோபித்துக்கொண்டாராம். இரண்டு மச்சான்மாரையும் அடுத்தடுத்த கட்டிலில் படுக்க வைத்து ரத்தம் எடுத்தார்களாம். யாருடையது முதலில் நிறைகிறது என்று இருவரும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். இருவர் ரத்தமும் என் குரூப் இல்லை. அதனால் ஒன்றும் இல்லை, நீங்கள் கொடுத்தது ரத்த பேங்கில் இருக்கும், வேறு யாருக்காவது போகும், உங்கள் வீட்டு அம்மாவுக்கு வேண்டியதை அங்கிருந்து எடுத்துக்கொள்வோம் என்று சிஸ்டர் விளக்கியிருக்கிறார். அப்போது என் வீட்டுக்காரருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் ரத்தம் யாருக்குப் போகும் என்று கேட்டிருக்கிறார். யாருக்குத் தேவையோ அவருக்கு என்றாராம் சிஸ்டர்.

சாயங்காலம் பார்க்க விடுகிற நேரத்தில் அவர் என் கட்டிலுக்கு வந்தார். அண்ணனும் தோழரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அவர் கையில் ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. என் தலைக்கு மேல் கம்பியில் ரத்தப் பை தொங்கியது, சொட்டுச் சொட்டாக எனக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கை விரல் நுனியில் கொஞ்சம் சூடு திரும்பியிருந்தது. வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். நிலத்தை நினைக்காதே, அவருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்றார். சரி என்றேன். அந்த நிமிஷம் எனக்கு அவர்மேல் கோபம்கூடத் தணிந்துவிட்டது.

அது அவருக்குப் பொறுக்க வேண்டாமா? மெல்ல எழுந்தார். சிஸ்டர் எங்கே என்று சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். கையை உயர்த்தி அந்தப் பையைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். அதில் குரூப்பும் ஒரு நம்பரும்தான் இருந்தன. கண்ணைச் சுருக்கிக்கொண்டு நம்பருக்குக் கீழே வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடினார்.

“இது யார் கொடுத்ததுன்னு சிஸ்டர் ஏதாச்சும் சொன்னாங்களா?” என்றார் என்னிடம், ரகசியமாக.

“அதுல சுரண்டறதுக்கு ஒண்ணும் இல்ல,” என்றேன். “கைய எடுங்க, சொட்டு நிக்குது.”